பித்தளை உருளையின் அடர்த்தி குறைவாக வருகிறது: சுழிப்பிழையைக் கூட்டுவதா, கழிப்பதா?

கேள்வி – செய்முறை_11

வெர்னியர் அளவியால் ஒரு பித்தளை உருளையை அளந்து அடர்த்தி கணக்கிடுகிறேன். வெர்னியர் கோலில் (நகரும் சிறு கோல்) 10 பிரிவுகள், மீச்சிற்றளவு (அளவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ. திருத்தம் செய்யாத அளவுகள்:

விட்டம் 1.27 செ.மீ.
நீளம் 5.04 செ.மீ.
நிறை 51.2 கிராம் (0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு)

தாடைகளை மூடினால் வெர்னியரின் சுழி, முதன்மைக் கோலின் சுழிக்கு வலப்பக்கம் நிற்கிறது. வெர்னியரின் 3ஆவது பிரிவு முதன்மைக் கோலின் ஒரு கோட்டோடு ஒன்றிப்போகிறது. இந்தச் சுழிப்பிழை நேர்ப்பிழைதானே என்று 0.03-ஐக் கூட்டினேன்; அடர்த்தி 7.60826 வந்தது. திருத்தமே செய்யாமல் விட்டால் 8.01941. புத்தகத்தில் பித்தளைக்கு 8.4 முதல் 8.7 வரை போட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தும் இப்படித்தான். சராசரி எடுத்தால் பிழை போய்விடாதா? விடையை எத்தனை தசம இடம் வரை எழுத வேண்டும்?

பதில் – அளவியல்

கழிக்க வேண்டும். விதியை மனப்பாடம் செய்வதைவிட மூடிய அளவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். தாடைகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை, உண்மையான அளவு 0. அளவியோ 0.03 என்கிறது. அப்படியானால் எதை வைத்தாலும் 0.03 அதிகமாகத்தான் சொல்லும். பிழை +0.03, திருத்தம் −0.03. இந்த இரண்டின் குறியையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பேர் கூட்டிவிடுகிறார்கள்.

விட்டம் 1.24, நீளம் 5.01. பருமன் 6.0502 க.செ.மீ., அடர்த்தி 8.4625. பித்தளைதான்.

0.03 செ.மீ. அற்பமாகத் தோன்றும். ஆனால் 1.24-இல் அது 2.4 சதவீதம், பருமனில் விட்டம் இருபடியாக வருவதால் 4.8 சதவீதம். நீளத்தில் அதே 0.03 வெறும் 0.6 சதவீதம். உங்கள் அடர்த்தி 8.46-க்குப் பதில் 8.02 ஆனதற்கு முக்கியக் காரணம் விட்டம்தான்.

சராசரி பற்றி: கை நடுக்கம், தாடையின் அழுத்தம், ஒன்றிப்பைப் பார்க்கும் கோணம் இவற்றால் அளவு ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். அந்தச் சிதறலைச் சராசரி குறைக்கும். சுழிப்பிழை ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம்தான் தள்ளும், ஐந்நூறு முறை அளந்தாலும் அசையாது. ஒரே இடத்தில் ஐந்து முறை அளப்பதிலும் பெரிய பயன் இல்லை. இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து, ஒவ்வோர் இடத்திலும் உருளையைக் கால் சுற்று திருப்பி இன்னொரு முறை அளங்கள். உருளை சீரான வட்டமாக இல்லையென்றால் அங்கேதான் தெரியும். தாடை சாய்ந்திருந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும்.

தசம இடம்: மூன்று அளவுகளுமே மூன்று முக்கிய எண்ணுருக்கள் (உண்மையில் அளந்து பெற்ற இலக்கங்கள்) கொண்டவை. ஆகவே 8.46-க்குப் பிறகு இன்னோர் இலக்கம் எழுத உரிமை இல்லை. பிழையையும் கணக்கிட்டால் இன்னும் தெளிவு:

விட்டம்: 2 × 0.01/1.24 = 1.6%
நீளம்: 0.01/5.01 = 0.2%
நிறை: 0.1/51.2 = 0.2%

மொத்தம் அதிகபட்சம் 2.0%, அதாவது 0.17. விடை: 8.5 ± 0.2 கிராம்/க.செ.மீ. இடைக் கணக்கில் முழு எண்ணையும் வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

பதில் – புரிக்கோல்

மேலே உள்ள மூன்று சதவீதங்களையும் பாருங்கள். 2.0-இல் 1.6 விட்டத்துடையது. இந்த நிலையில் 0.01 கிராம் தராசு தேடி அலைவது வீண். விட்டத்தை மட்டும் திருகு அளவியால் அளங்கள். மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; 12.4 மி.மீ.-இல் 0.08%, இரட்டித்தால் 0.16%. மொத்தப் பிழை 0.6 சதவீதத்துக்குள் இறங்கிவிடும், அடர்த்தியை ± 0.05 என்று எழுதலாம்.

திருகு அளவிக்கும் தனியாகச் சுழிப்பிழை உண்டு, முதலில் அதைப் பாருங்கள். கடைசிச் சுற்றை ராட்செட்டால்தான் (அழுத்தம் அளவுக்கு மீறாமல் நழுவும் முனைத் திருகி) திருக வேண்டும். தலையைப் பிடித்து இறுக்கினால் ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வோர் அளவு வரும். தாண்டிப்போய்விட்டால் கொஞ்சம் பின்னே திருப்பி அங்கேயே அளவு எடுக்காதீர்கள். புரிகளுக்கு இடையே உள்ள தளர்வால் தலை திரும்பும், திருகு நகராது. முழுதாகத் தளர்த்தி, மறுபடி அதே திசையில் வாருங்கள்.

பதில் – கண்ணாடிக்குழல்

இவ்வளவு எதற்கு? அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி உருளையைப் போட்டால் பருமன் நேராகவே கிடைத்துவிடுமே.

பதில் – அளவியல்

1 மி.லி. பிரிவுள்ள ஜாடியில் ஒவ்வோர் அளவிலும் அரை மி.லி. ஐயம். போடுமுன் ஒன்று, போட்டபின் ஒன்று. கழித்தால் ஐயம் 1 மி.லி. வரை போகும். பருமனே 6 மி.லி.தான்! அடர்த்தி 7.3 முதல் 10.1 வரை எங்கும் இருக்கலாம். இரும்பா பித்தளையா என்றுகூடச் சொல்ல முடியாது.

தண்ணீர்தான் வேண்டுமென்றால் தராசையே பயன்படுத்துங்கள். தண்ணீருள்ள பீக்கரைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். உருளையை மெல்லிய நூலில் கட்டி, தராசின் மேல் படாத தாங்கியிலிருந்து முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது வெளியேறிய நீரின் நிறை, இங்கே சுமார் 6.0 கிராம். அதை நீரின் அடர்த்தியால் (27 டிகிரி செல்சியஸில் 0.9965) வகுத்தால் பருமன். 0.1 கிராம் தராசில் இது 1.7% ஐயம், ஏறக்குறைய வெர்னியர் அளவுக்குத்தான். 0.01 கிராம் தராசு என்றால் 0.17%. மேலே வீண் என்று சொன்ன தராசு இந்த முறையில் அவசியமாகிவிடுகிறது.

உருளை அடியைத் தொட்டால் அதன் எடையும் சேர்ந்து ஏறிவிடும். குமிழி ஒட்டியிருந்தால் பருமன் கூடி அடர்த்தி குறையும். ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டால் குமிழி பிடிக்காது.

செய்முறை_11

நன்றி, 8.46 வந்துவிட்டது. எஸ்.ஐ. அலகுக்கு மாற்றினால் 0.846 கிலோகிராம்/கன மீட்டர் என்று வருகிறது. சரியா? இன்னோர் அளவியில் மூடும்போது சுழி இடப்பக்கம் போய் 7ஆவது பிரிவு ஒன்றுகிறது. அங்கே பிழை −0.07-தானே?

பதில் – புரிக்கோல்

0.846 என்றால் காற்றைவிட லேசான பித்தளை. காற்றே கன மீட்டருக்கு 1.2 கிலோ இருக்கும். 1 செ.மீ. = 0.01 மீட்டர், ஆனால் கன செ.மீ. என்னும்போது அந்த 0.01-ஐயும் மும்முறை பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டரில் பத்து லட்சம் க.செ.மீ. உண்டு. கிராமைக் கிலோவாக்க 1000-ஆல் வகுத்தால் நிகரமாக 1000-ஆல் பெருக்கல்: 8.46 × 10³. 8460 என்று எழுதினால் கடைசிச் சுழியும் அளந்ததோ என்று தோன்றும்.

−0.07 இல்லை. இடப்பக்கம் போனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும்: (7 − 10) × 0.01 = −0.03. அதைக் கழித்தால் கூட்டலாகிவிடும், 1.27 என்பது 1.30.