நம்ம சிங்கப்பூர் தெற்குத் தீவுகள்ல ரீஃப் (பவளப்பாறை) மீன் பாக்க முடியுமா? பிள்ளையோட போகணும்

ஈசூன்_அம்மா:
வணக்கம், ஜூன் லீவு வருது, பையன் பி3 (தொடக்கப்பள்ளி மூணாவது) படிக்கிறான், ரீஃப் மீன் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். ஓஷனேரியம் கூட்டிட்டுப் போயாச்சு, அது கண்ணாடித் தொட்டிதானேம்மா, கடல்ல பாக்கணும்ங்கிறான். இங்க தண்ணி கலங்கல், ஒரு மண்ணும் தெரியாதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. செயின்ட் ஜான்ஸ், கூசு தீவுங்க பக்கம் போனவங்க யாராவது இருக்கீங்களா? எந்த மீன் கண்ணுல படும்? நீச்சல் சுமாராத்தான் வரும், டைவிங் எல்லாம் நோ.

பாசிர்_பாஞ்சாங்_ரவி:
மலேசியால இருக்கிற தியோமன் தீவுக்குப் போயிடுங்க அக்கா, பேசாம. இங்க முகத்துக்கு முன்னாடி கைய நீட்டினாலே பச்சையாத்தான் தெரியும். காசு கொஞ்சம் கூட ஆகும், ஆனா பிள்ளை ஏமாறாது.

கடல்_பைத்தியம்:
ரவி சொல்றது பாதி சரி. மணல் கொட்டி நிலத்த நீட்டிக்கிட்டே வந்ததுல, கப்பல் போக்குவரத்துல, இங்க பல நாள் 2, 3 மீட்டருக்கு மேல தெரியாதுதான். ஆனா மீன் இல்லன்னு யார் சொன்னா? 250க்கு மேல கல்பவள வகை இருக்கிற கடல் இது. கலர வச்சு தேடினாத்தான் ஏமாந்து போவீங்க, அந்தப் பச்சைத் தண்ணில எல்லாமே சாம்பலாத் தெரியும், அதனால உருவம், நீந்தற விதம், எங்க நிக்குது, இத வச்சு தேடச் சொல்லுங்க. பிள்ளைங்க இதுல நம்மள விட கெட்டி.

உடம்புல செங்குத்தா பட்டை, வாய் மட்டும் இடுக்கி மாதிரி நீளமா இருந்தா அது காப்பர்பேண்ட் வண்ணாத்தி மீன், இங்க சாதாரணமா இருக்கு. பாறை இடுக்குல இருக்கிற புழுவ அந்த வாயால கொத்தி எடுக்கும். முதுகுத் துடுப்புல பின்பக்கமா கறுப்பா ஒரு பொய்க்கண்ணு, நிஜக் கண்ணு மேல பட்டை ஓடும், அடிக்க வர்ற பெரிய மீன் எது தலைன்னு குழம்பிடும். இன்னொரு வண்ணாத்தி இருக்கு, எட்டு கறுப்புப் பட்டை, பெரும்பாலும் ஜோடியா சுத்தும், அது பவளத்தையே தின்னு வாழற ஜாதி, பவளம் போச்சுன்னா அதுவும் போச்சு. 2016லயும் 2024லயும் தண்ணி சூடாகி பவளம் வெளுத்தப்ப எனக்கு இதுங்க கவலைதான்.

வால ஆட்டாம முன்துடுப்ப மட்டும் அடிச்சு அடிச்சு போகுதுன்னா அது ராஸ், இல்லன்னா கிளிமீன். பாசிக்குள்ள தலைகீழா நின்னு பாசியோட சேர்ந்து ஆடுதுன்னா ஃபைல்ஃபிஷ். உங்க பையன் கேக்கப் போறது நீமோதான், அதாவது கோமாளி மீன், கம்பளம் மாதிரி விரிஞ்சு கிடக்கிற கடல் அனிமோன் இருக்கிற இடத்துல பாக்கச் சொல்லுங்க. அந்தக் கூட்டத்துல பெருசு பொண்ணு, அடுத்தது ஆண். பொண்ணு செத்துட்டா அந்த ஆணே பொண்ணா மாறிடும், சினிமால இத எல்லாம் காட்டல லா.

மெரினா சவுத் பியர்லேர்ந்து ஃபெர்ரி. செயின்ட் ஜான்ஸ்ல இறங்கின உடனே ஓடாதீங்க, ஜெட்டி ஓரமா நின்னு தூணுங்களக் குனிஞ்சு பாருங்க, கோடு போட்ட சார்ஜென்ட் மீனுங்க அங்கயே கூட்டமா திரியும், நீச்சலே வேணாம்.

சித்ரா_பொங்கோல்:
ஜூன்ல நல்ல வத்தம் (கடல் தண்ணி நல்லா இறங்கற நேரம்) விடியக்காலைலதான் விழும், அந்த நேரத்துக்கு சாதா ஃபெர்ரி இல்ல. வாலன்டியர் குரூப்புங்க போட் எடுத்து கடலோர நடை நடத்துவாங்க, அதுல சேந்துக்கோங்க, கணுக்கால் தண்ணிலயே நிறைய பாக்கலாம். மூடின ஷூ கட்டாயம், சிலிப்பர் போட்டுக்கிட்டு வராதீங்க ப்ளீஸ்! கல்மீன் கல்லோட கல்லா கிடக்கும், முதுகு முள்ளுல விஷம். குத்திட்டா பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல கால வச்சுக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி. நீலப்புள்ளி திருக்கையும் இருக்கும், கால தூக்கி வைக்காம தரைய தேச்சுத் தேச்சு நடந்தா அதுவே விலகிப் போயிடும்.

ஈசூன்_அம்மா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்! ஒரு சின்ன மீன் பிடிச்சு பாட்டில்ல கொண்டு வரலாமான்னு கேக்கிறான் 😅 அப்புறம் தேக்கா மார்க்கெட்ல விக்கிற ஓரா மீனும் ரீஃப்ல இருக்குமா?

கடல்_பைத்தியம்:
பிடிக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க, சிஸ்டர்ஸ் தீவு 2014லேர்ந்து கடல் பூங்கா, அங்க ஒரு சிப்பி கூட எடுக்கக் கூடாது. மத்த இடத்துலயும் வேணாம், வீட்டுத் தொட்டில அது பிழைக்காது. ரொட்டி போடறதும் வேணாம்.

ஓரா கண்டிப்பா இருக்கு. சீனப் புத்தாண்டுக்கு விலை ஏறுமே, அதே குடும்பம்தான். பவளத்து மேல பாசி மூடாம மேஞ்சு விடுறது இந்த மாதிரி மீனுங்கதான், அதனால மத்த கலர் மீன விட எனக்கு இது மேல மரியாதை ஜாஸ்தி. முள்ளுல விஷம் இருக்கு, தொடாம பாக்கச் சொல்லுங்க.

பாசிர்_பாஞ்சாங்_ரவி:
சரி சரி, ஜெட்டி மேட்டர் எனக்குத் தெரியாது, நானும் போய்ப் பாக்கறேன். ஆனா அக்கா, தியோமன் ஐடியா இருந்தா ஜூன்லயே முடிச்சிருங்க, வருஷக் கடைசி லீவுல அங்க மழைக்காலம், பாதி ரிசார்ட் மூடிருக்கும்.

சித்ரா_பொங்கோல்:
சாதா ஃபெர்ரிலயே போறதா இருந்தா பசியாறிட்டு முதல் ஃபெர்ரிய பிடிங்க, சனி ஞாயிறு கூட்டம் தாங்காது. மதியச் சாப்பாடும் தண்ணியும் கட்டிக்கோங்க.