எம்என்ஐ வெளிக்கு மாற்றியதும் மூளை விளிம்பில் மைனஸ் மதிப்பு: எந்த இன்டர்போலேஷன்?

கலங்கரை: அவசரம். நாளை மறுநாள் வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டு ஸ்கேன்) படங்களை எம்என்ஐ வெளிக்கு (எல்லார் மூளையையும் ஒப்பிட உதவும் பொது வார்ப்புருவுக்கு) மாற்றினேன். மூளையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், அங்கே மதிப்பு மைனஸில் போகிறது. இன்டர்போலேஷனுக்கு (இடைப்புள்ளி மதிப்பைக் கணக்கிடுவதற்கு) டிரைலீனியர், அதாவது அக்கம்பக்கப் புள்ளிகளின் நேர்கோட்டுச் சராசரி, போட்டால் வளையம் போய்விடுகிறது, ஆனால் படம் மங்குகிறது. எதை வைத்துக்கொள்வது?

நுண்துளி: எந்த மென்பொருள்? வாக்ஸல் (முப்பரிமாணப் படப்புள்ளி) அளவு என்ன? வளையம் வந்தபோது எந்த முறை வைத்திருந்தீர்கள்?

தென்றல்27: டிரைலீனியரே போதும். எப்படியும் 6 மிமீ ஸ்மூத்திங் (படத்தை மென்மையாக்குவது) செய்யத்தானே போகிறீர்கள், அந்த மங்கல் அதில் கரைந்துவிடும்.

அலைவரிசை: இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது? டிரைலீனியரின் மங்கல் எல்லாப் படத்திலும் ஒரே அளவு இல்லை. அதே வாக்ஸல் கட்டத்தில் எழுதினால், தலை அரை வாக்ஸல் நகர்ந்த படத்தில் அதிகம், நகராத படத்தில் இல்லவே இல்லை. ஆக, தலையசைவு நேரத்தொடருக்குள் ஏறிவிடுகிறது. ஸ்மூத்திங் அதைக் குறைக்கும், அழிக்காது. மாதிரியெடுத்தல் தேற்றத்தைப் படித்துவிட்டுப் பொத்தானைத் தொடுங்கள்.

கலங்கரை: எஸ்பிஎம்12. 3 மிமீ வாக்ஸலை 2 மிமீக்கு எழுதுகிறேன். 7ஆம் படி பி-ஸ்ப்லைன் (வளைகோடுகளால் கணக்கிடும் முறை). படி கூடினால் துல்லியம் கூடும் என்று வைத்தேன்.

பொன்வண்டு: ஸ்லைஸ் டைமிங்கை (மூளையின் ஒவ்வொரு ஸ்லைஸும், அதாவது அடுக்கும், எடுக்கப்பட்ட நேர வித்தியாசத்தைச் சரிசெய்வதை) பாருங்கள். அதுவும் இன்டர்போலேஷன்தான். ரீஅலைனுக்கு (தலையசைவைத் திருத்துவதற்கு) பிறகு செய்தீர்களா?

அலைவரிசை: அது காலத்தில் நடப்பது. வளையம் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பொன்வண்டு: குழப்பவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்த ஸ்லைஸ்களில் டிஆர் (ஒரு முழுப் படம் எடுக்க ஆகும் நேரம்) 2 நொடி என்றால், அடுத்தடுத்த ஸ்லைஸ்களுக்கு நடுவே சுமார் 1 நொடி இடைவெளி. தலை அசைந்தால் வரிசை முக்கியம்தான்.

நுண்துளி: அந்த விவாதம் அப்புறம். கலங்கரை, மண்டையோட்டை நீக்கிய படத்தையா மாற்றினீர்கள்? எத்தனை தடவை ரீஸ்லைஸ் (புதிய கட்டத்தில் திரும்ப எழுதுவது)?

கலங்கரை: ஆமாம், மூளையை மட்டும் வெட்டியெடுத்த பிறகுதான். ரீஅலைன், கோரெஜிஸ்டர் (உடற்கூற்றுப் படத்தோடு பொருத்துவது), நார்மலைஸ் (எம்என்ஐக்கு மாற்றுவது) மூன்றிலும் எழுதினேன்.

நுண்துளி: அப்போ அதுதான். வெட்டிய இடத்தில் 0, 0, 0, 1000 என்று செங்குத்தாக ஏறும். எளிய கன முறையில் இரண்டாவது, மூன்றாவது சுழியங்களுக்கு நடுப்புள்ளியைக் கணக்கிட்டால் வெளிப்புற எண்களின் எடை −1/16, அதனால் மதிப்பு −62.5. இரண்டு பக்கமும் சுழியம், நடுவில் மைனஸ்! உயர்படி ஸ்ப்லைன்களிலும் இந்த அலைவு உண்டு, இன்னும் தூரம் பரவும். மூன்று தடவை எழுதியதால் ஒவ்வொரு தடவையும் சேர்ந்திருக்கிறது.

வெட்டாத மூலப் படத்துக்குப் போங்கள். ரீஅலைனும் கோரெஜிஸ்டரும் கோப்பின் தலைப்புத் தகவலை (ஹெடர்) மட்டும் மாற்றட்டும், நார்மலைஸில் ஒரே தடவை எழுதுங்கள். எஸ்பிஎம்மின் இயல்பான 4ஆம் படி போதும். மாஸ்க்கை (மூளை எது என்று குறிக்கும் 0/1 படத்தை) தனியாக, அருகிலுள்ள வாக்ஸல் முறையில். அட்லஸ் (பகுதி எண்கள் கொண்ட மூளை வரைபடம்) இருந்தால் அதற்கும் அதே முறைதான். 17ஆம் பகுதியும் 19ஆம் பகுதியும் தொடும் இடத்தில் லீனியர் போட்டால் 18 என்று வரும், அது வேறொரு பகுதியின் எண்.

தென்றல்27: எஃப்எஸ்எல் என்ற இன்னொரு மென்பொருளின் ஃப்ளர்ட் கருவியில் இயல்பே டிரைலீனியர்தான். அவர்கள் தெரியாமலா வைத்தார்கள்?

அலைவரிசை: இயல்பு என்பது பரிந்துரை இல்லை.

கலங்கரை: வளையம் போய்விட்டது. அட்லஸிலும் 18 இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். மிக்க நன்றி.

பொன்வண்டு: ஸ்லைஸ் டைமிங்கை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று சொல்லவேயில்லையே?