கையில் பார்த்தால் காய்ச்சல் தெரியுமா?

பல்லாவரத்தான் (செப்டம்பர் 2020):
"வாசலில் வெப்பநிலை பார்க்கிற கடைக்குள் கொரோனா வராது. முகக்கவசம் 200 ரூபாய் அபராதம் பிடுங்குவதற்கு மட்டும்தான்" என்று நேற்று நெல்லை வணிகர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இந்த மாதம் மால்களைத் திறந்தார்கள். போனேன். காவலாளி அந்த வெப்பமானித் துப்பாக்கியை மணிக்கட்டில் நீட்டினார். 93 பாரன்ஹீட் காட்டியது. "ஓகே சார், போங்க" என்றார். ஒருவருடைய உடம்பு நிஜமாகவே 93 டிகிரியில் இருந்தால் மாலுக்கு இல்லை, ஐசியூவுக்கு அனுப்ப வேண்டும். கையில் பார்ப்பது சோதனையா?

நெல்லை வணிகர்:
வாசலில் கை கழுவ ஏற்பாடும் வெப்பநிலை சோதனையும் வேண்டும் என்று சொன்னது அரசாங்கம், நான் இல்லை. நெற்றியில் நீட்டினால் "மூளைக்குக் கதிர் போகும்" என்று வாட்ஸ்அப்பைக் காட்டிச் சண்டைக்கு வருகிறார்கள். கடை வைத்துப் பாருங்கள், தெரியும்.

பல்லாவரத்தான்:
அந்தக் கருவி கதிர் எதையும் உள்ளே அனுப்புவதில்லை. தோலிலிருந்து வெளியே வரும் அகச்சிவப்பை வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். மணிக்கட்டு வெயிலில் நின்றால் சுடும், ஏசி காரில் வந்தால் குளிரும். நீங்கள் முதலில் சானிடைசர் ஊற்றுகிறீர்கள். அது ஆவியாகித் தோல் இன்னும் குளிர்ந்த பிறகு அதே கையில் துப்பாக்கியை வைக்கிறீர்கள். 105 காய்ச்சல்காரனும் தேறிவிடுவான்.

மதுரை மீனா:
கையா நெற்றியா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது தொற்றுகிறது. பலருக்குக் காய்ச்சல் வருவதே இல்லை. வருகிறவர் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தால் எந்தக் கருவிக்கும் தெரியாது. 2003-இல் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று பரவிய சமயத்தில் கனடா விமான நிலையங்களில் லட்சக்கணக்கான பயணிகளை வெப்பக் கருவியில் பார்த்தார்கள். ஒரு சார்ஸ் நோயாளிகூடச் சிக்கவில்லை. முகக்கவசத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பல்லாவரத்தான்:
கனடாவிலும் கையில் பார்த்தார்களா?

மதுரை மீனா:
கேமராவில் முகத்தைப் பார்த்தார்கள் சார். அப்படியும் சிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

பல்லாவரத்தான்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். முகத்தில் பார்த்தே இந்த லட்சணம் என்றால், கையில்?

கோவைக் குசும்பு:
முகக்கவசம் என்றதும் வந்துவிட்டேன். நல்லா இருக்கிறவர்களுக்குத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம்தானே முதலில் சொன்னது? ஜூன் 5-ஆம் தேதி கூட்டமான இடத்தில் எல்லோரும் போடுங்கள் என்றார்கள். பொங்கலுக்குள் என்ன சொல்வார்களோ!

மதுரை மீனா:
மருத்துவமனைகளுக்கே தட்டுப்பாடாக இருந்த நேரம் அது. அறிகுறி இல்லாதவரும் பரப்புகிறார் என்று தெரியத் தெரிய மாற்றினார்கள். அப்புறம், உங்கள் படத்தில் மாட்டியிருப்பது வால்வு வைத்த என்95. நீங்கள் விடுகிற மூச்சு வடிகட்டாமல் எதிரில் இருப்பவர் மேல் போகும். ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை வேண்டாம் என்றது.

கோவைக் குசும்பு:
படத்தில் என் மூக்கைப் பார்க்காமல் வால்வைப் பார்த்தவர் நீங்கள் ஒருத்தர்தான். அது என்ன விலை தெரியுமா?

நெல்லை வணிகர்:
எல்லாம் சரி, எங்கள் கடையைக் குறை சொல்ல சென்னைக்காரருக்கு என்ன யோக்கியதை? மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று லாரி லாரியாகக் கொரோனாவை அனுப்பி வைத்தது யார்?

பல்லாவரத்தான்:
பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம். புவியியலாவது சரியாக இருக்கட்டும். முந்தைய கபசுர குடிநீர் விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு இங்கே வந்து பழி தீர்க்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரிகிறது. கேட்டதற்குப் பதில்: சானிடைசர் முன்பா, துப்பாக்கி முன்பா?

நெல்லை வணிகர்:
கபசுர குடிநீர் விஷயத்தில் நான் சொன்னதுதான் இன்றும். வாங்கிக் கட்டிக்கொண்டது யார் என்று அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். என் கடையில் எது முன்பு, எது பின்பு என்பதை நான் முடிவு செய்வேன்.

மதுரை மீனா:
இரண்டு பேரும் முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டுதான் தட்டச்சு செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பல்லாவரத்தான்:
வீட்டுக்குள் எதற்கு மேடம்? நெற்றி விஷயத்தில் நீங்கள் என் பக்கமா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

மதுரை மீனா:
எந்தப் பக்கமும் இல்லை. காய்ச்சலைத் தேடுவதே வீண் என்கிறேன். மூன்றாவது தடவை.

கோவைக் குசும்பு:
துப்பாக்கியை விடுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற ஆக்ஸிமீட்டர் ஒன்றை மாமனார் வாங்கினார். பேரன் அதில் பென்சிலைச் சொருகினான், 98 காட்டுகிறது. பென்சில் நலமாக இருக்கிறது.

பல்லாவரத்தான்:
பென்சில் கிடக்கட்டும். மாமனார் எந்த விரலில் மாட்டினார்? நகத்தில் மருதாணி இருந்ததா? கை ஜில்லென்று இருந்ததா? இதையெல்லாம் பார்க்காமல் கருவியைக் குறை சொல்லக்கூடாது.