கம்பெனியோடு சேர்ந்து செக்யூரிட்டி ஆராய்ச்சி செய்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

பழைய எம்டெக்:
எட்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. பணமும் மெஷினும் கம்பெனி கொடுத்தது. கடைகளில் கார்டு தேய்ப்பார்களே, அந்த மெஷின். எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்ற ஒப்பந்தத்திலும் (என்டிஏ) கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நாலாவது மாதம் ஓட்டை சிக்கியது: அப்டேட் ஃபைலில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் மெஷின் பார்க்கும். யாருடைய கையெழுத்து என்று பார்க்காது.

ரிவ்யூ மீட்டிங்கில் செய்து காட்டினேன். அதில் தமிழ் ஃபான்ட் கிடையாது, அதனால் ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று அந்தச் சின்னத் திரையில் வரவைத்தேன். கைடு சிரித்தார். கம்பெனி மேனேஜர் எழுந்து வந்து, என் விரல் கீபோர்டில் இருக்கும்போதே லேப்டாப்பை மூடினார். கோபமே இல்லை. தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவது மாதிரி அவ்வளவு மெதுவாக. "நல்ல வேலை தம்பி. ரிப்போர்ட்டில் மட்டும் வேண்டாம்." கைடு அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

டச்சு மழை:
தப்பு முழுக்க உங்கள் கைடு மேல். நான் நெதர்லாந்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வாரம் பேராசிரியர் கையில் கொடுத்தது ஒரு கோர்ட் தீர்ப்பு. 2008-இல் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் மைஃபேர் கிளாசிக் சிப்பை உடைத்தார்கள், இங்கே பஸ், ரயில் கார்டில் இருந்த அதே சிப். கட்டுரையை நிறுத்த, சிப்பைத் தயாரித்த என்எக்ஸ்பி கம்பெனி வழக்குப் போட்டது. ஆர்ன்ஹெம் நீதிமன்றம் தடை தரவில்லை. நஷ்டம் வந்தால் அது குறையுள்ள சிப்பை விற்றதால் வருவது, கட்டுரையால் அல்ல என்றது. பல்கலைக்கழகம் என்றால் அப்படி நிற்க வேண்டும்.

மறுபக்கம்:
டச்சு மழை, அவர்கள் என்எக்ஸ்பியிடம் காசு வாங்கி அந்த வேலையைச் செய்யவில்லை. இவர் கையெழுத்துப் போட்டவர். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அப்புறம் 2013-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? கார் சாவியில் இருக்கும் மெகாமோஸ் சிப் பற்றி அதே ராட்பவுட்டும் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் எழுதிய கட்டுரைக்கு ஃபோக்ஸ்வாகன் லண்டனில் தடை வாங்கியது. 2015-இல் ஒரு வாக்கியத்தை வெட்டிவிட்டுத்தான் வெளியிட முடிந்தது.

நான் கம்பெனி பக்கம் இருந்தவன். கல்லூரிக்கு டேட்டா கொடுக்கும்போது மொபைல் எண்களை எல்லாம் ஹேஷ் செய்து, அதாவது ஒவ்வொன்றையும் நேராகத் திருப்பி எடுக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி, "இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று மெயிலும் போட்டேன். ரகசியச் சாவி எதுவும் சேர்க்கவில்லை, வெறும் ஹேஷ். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் குரல்: "சார், பதினெட்டாவது வரி நீங்கதானே?" நம் ஊர் மொபைல் எண் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியம். லேப் கம்ப்யூட்டரில் அத்தனைக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது.

சாவி எச்ஓடியிடம்:
எங்கள் கல்லூரியில் கம்பெனி பெயரில் செக்யூரிட்டி லேப் திறந்து ரிப்பன் வெட்டினார்கள். இரண்டு வருடம் படித்தேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. அது இருக்கட்டும்.

இனி சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் 'வெளியிடும் முன் கம்பெனி அனுமதி' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'கம்பெனி பார்வைக்கு 30 அல்லது 60 நாள்' என்று மாற்றச் சொல்லுங்கள். அனுமதி வேறு, பார்வை வேறு. பேடண்ட் போடப் போகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள், போடுவதென்றால் விண்ணப்பிக்கும் வரை கட்டுரை நிற்கும். ஓட்டை கிடைத்தால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கூகுளில் ஓட்டை தேடும் குழுவான ப்ராஜெக்ட் ஸீரோ சரிசெய்ய 90 நாள் கொடுக்கிறது, அதைக் காட்டிப் பேசலாம். கம்பெனி அசையவில்லை என்றால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சேர்ட்-இன்னுக்கு யார் சொல்வது, கைடா மாணவரா, அதையும்...

பழைய எம்டெக்:
அண்ணா, இதெல்லாம் எட்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம் :) இருபத்திரண்டு வயசில் கைடு நீட்டிய பேப்பரில் எந்த வார்த்தையை மாற்றச் சொல்வது?

மறுபக்கம், அந்தப் பெண்ணை உங்கள் கம்பெனி என்ன செய்தது? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

சரிசெய்தார்களா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் தெரு மெடிக்கலில் இன்னும் அதே மாடல்தான் இருக்கிறது. மாத்திரை வாங்கப் போனால் பையில் சில்லறை தேடுவேன்.