பெயர்ச்சொல்லின் பொருள்: ஃப்ரேகேயை விட்டுவிட்டு நேராகக் கிரிப்கியைப் படிக்கலாமா?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். அஞ்சல்வழியில் தத்துவம் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் மொழித் தத்துவம் ஒரு தாள். ‘விடிவெள்ளி விடிவெள்ளியே’ என்பது எதையும் புதிதாகச் சொல்வதில்லை, ‘விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்றே’ என்பதோ வானை நோக்கிக் கண்டறிந்த செய்தி என்று ஜெர்மன் தர்க்கவியலாளர் கோட்லோப் ஃப்ரேகே 1892ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டும் வேறுபாடு புரிகிறது. பெயர் சுட்டும் பொருள் ஒன்று, அப்பொருள் நமக்குத் தரப்படும் விதமாகிய அர்த்தம் வேறொன்று என்று அவர் பிரிப்பதும் புரிகிறது. ஆனால் 1905இல் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதியதற்கு வந்தால் பேச்சே வேறாக இருக்கிறது. இவ்விருவரையும் அமெரிக்கத் தத்துவவாதி சால் கிரிப்கி மறுத்துவிட்டார் என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. மறுக்கப்பட்டவற்றை ஏன் இவ்வளவு ஊன்றிப் படிக்க வேண்டும்? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருவேலன்

நேராகக் கிரிப்கியிடம் போனால் அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்பதே பிடிபடாது. விடிவெள்ளியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அதே கட்டுரையில் அதற்கும் முன்பாக வரும் முக்கோணத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்தால் அ, ஆ, இ என மூன்று கோடுகள் கிடைக்கும். ‘அ, ஆ வெட்டும் புள்ளி’, ‘ஆ, இ வெட்டும் புள்ளி’ என்ற இரண்டு தொடர்களும் சுட்டுவது ஒரே புள்ளியைத்தான். ஆனால் அது ஒன்றே என்று அறிய நிறுவல் தேவைப்படுகிறது. எனக்கு இந்த எடுத்துக்காட்டுதான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் அர்த்தம் என்பது ஒருவர் மனத்தில் தோன்றும் தனிப்பட்ட படம் அன்று, எவர் வரைந்தாலும் கிட்டும் பொதுச்சொத்து என்பதை இது ஐயமறக் காட்டிவிடுகிறது.

ரஸ்ஸலின் பேச்சு வேறாகத் தோன்றுவது இயல்பே. அவர் எடுத்துக்கொண்ட இடர்ப்பாடு வேறு. பிரான்சில் அரசரே இல்லாத காலத்தில் ‘பிரான்சின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையர்’ என்று ஒருவர் சொன்னால் அது மெய்யா, பொய்யா? சுட்டப்படும் பொருள் இல்லாததால் இரண்டும் அன்று என்பது ஃப்ரேகேயின் போக்கு. ரஸ்ஸல் அந்த வாக்கியத்தை மூன்றாகப் பிரிக்கிறார்: அப்படி ஓர் அரசர் இருக்கிறார், ஒருவருக்கு மேல் இல்லை, அவர் வழுக்கைத் தலையர். முதல் கூற்றே பொய்யாகிவிடுவதால் முழு வாக்கியமும் பொய். நாம் அன்றாடம் வழங்கும் பெயர்களும் ‘பிரான்சின் இன்றைய அரசர்’ போன்ற வருணனைகளின் சுருக்கமே என்பதும் அவர் நிலைப்பாடு. கிரிப்கி 1970 ஜனவரியில் பிரின்ஸ்டனில் ஆற்றிய மூன்று உரைகளின் தாக்குதல் முதன்மையாக இந்த இடத்தில்தான் விழுகிறது. 1968 அமெரிக்கத் தேர்தலில் வென்றவர் அந்தத் தேர்தலில் வெல்லாமல் போயிருக்கலாம் என்கிறோம். அப்படிச் சொல்லும்போது நிக்சன் என்ற அதே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம். வேறு எவர் வென்றிருந்தாலும் அந்த வேறொருவர் நிக்சனாக ஆகியிருக்கமாட்டார். நடந்திருக்கக்கூடிய எல்லா நிலைமைகளிலும் பெயர் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வருணனை சுட்டும் ஆளோ மாறக்கூடும்.

நடைவழி

மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் ‘மறுத்துவிட்டார்’ என்ற பாடநூல் வரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரிப்கி சொல்வதுபோல, பெயருக்குப் பின்னால் வருணனை இல்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறி வரும் வழக்கின் சங்கிலியே இருக்கிறது என்று கொண்டால், விடிவெள்ளி பற்றிய செய்தி ஏன் புதியது என்ற ஃப்ரேகேயின் முதல் கேள்வி விடையின்றி நிற்கிறது. கிரிப்கியே 1979இல் இந்த இடர்ப்பாட்டுக்குத் திரும்புகிறார். பிரான்சில் வளர்ந்த பியேர் ‘லோந்த்ர்’ அழகான நகரம் என்று பிரெஞ்சில் நம்புகிறான்; பின்னர் லண்டனின் அழகற்ற ஒரு பகுதியில் குடியேறி, அங்கேயே ஆங்கிலம் பழகி, ‘லண்டன்’ அழகற்றது என்று நம்புகிறான். இரண்டும் ஓர் ஊர் என்பது அவனுக்குத் தெரியாது. லண்டன் அழகானது என்று பியேர் நம்புகிறானா, இல்லையா? எந்த விடையும் நிறைவு தரவில்லை என்பதே கிரிப்கி அங்கே காட்டுவது. ஃப்ரேகேயைப் படிக்காதவருக்கு இதன் கனம் தெரியாது.

முல்லைப்பந்தல்

தமிழ் இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்று. 1879இல் எழுதிய நூலில் ஃப்ரேகே, ‘ஒன்றே’ என்னும் உறவு பெயர்களுக்கு இடையிலானது என்று கொண்டிருந்தார். அவ்வாறாயின் வாக்கியம் குறிகளைப் பற்றியதாகிவிடுமே தவிர வெள்ளிக் கோளைப் பற்றியதாகாது என்பதால் 1892இல் அதைக் கைவிட்டார். தொல்காப்பியப் பெயரியலின் தொடக்கத்தில் வரும் ‘பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும்’ என்ற நூற்பாவை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த மாற்றம் எளிதில் விளங்கும். ‘மதுரை பழைய ஊர்’ என்பதில் பொருள் தெரிகிறது. ‘மதுரை மூன்றெழுத்து’ என்பதில் சொல்லே தெரிகிறது. ஃப்ரேகே கைவிட்ட கருத்து, முதல்வகை வாக்கியத்தை இரண்டாம் வகையாக்கிவிட்டது.

இளவேனில்

மிக்க நன்றி ஐயா, நன்றி நண்பர்களே. முக்கோணத்தை வரைந்து பார்த்தேன். பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்ட்ராசன் 1950இல் ரஸ்ஸலுக்கு எழுதிய மறுப்பும் பட்டியலில் இருக்கிறது. நேரமின்மையால் அதை விட்டுவிடலாமா?

கருவேலன்

விட்டுவிடாதீர்கள், கட்டுரையும் நீளமானதன்று. சுட்டுவது சொல்லன்று, ஒரு சூழலில் அச்சொல்லை வழங்கும் மனிதரே என்று அவர் கேள்வியையே இடம் மாற்றுகிறார். அதே ‘பிரான்சின் அரசர்’ தொடர் பதினான்காம் லூயி காலத்தில் ஒருவரையும் பதினைந்தாம் லூயி காலத்தில் வேறொருவரையும் சுட்டியது. இன்று எவரையும் சுட்டவில்லை, ஆயினும் தொடரின் பொருள் மாறவில்லை. ரஸ்ஸலை முடித்த கையோடு இதைப் படித்துவிட்டுக் கிரிப்கிக்குப் போங்கள்.