100 அடி கம்பி வேலி: பக்கத்து மனைக்காரரோடு செலவை எப்படிப் பிரிப்பது?

மனைவாசி:
பொது எல்லை 100 அடி. கல் நட்டு 5 அடி உயரத்துக்குச் சங்கிலி வலை போடலாம் என்று பேச்சு. பக்கத்து மனைக்காரர் பாதி தருகிறார், ஆனால் வலைக் கம்பியின் தடிமன் 12 கேஜ் போதும் என்கிறார். எனக்கு 10 கேஜ் வேண்டும். கல்லை யார் பக்கம் நடுவது?

தோட்டக்காரன்:
முதலில் புலப்படத்தை (மனையின் எல்லை அளவுகள் உள்ள வரைபடம்) வைத்துச் சர்வேயர் அளக்கட்டும், இருவரும் கூட நில்லுங்கள். பாதிப் பாதி என்றால் கல்லின் நடுமையம் எல்லைக்கோட்டில் இருக்கலாம். ஒருவரே செலவழித்தால் கல்லும் கான்கிரீட்டும் முழுக்க அவர் மனைக்குள்தான்.
10 அடிக்கு ஒன்று வீதம் 7 அடிக் கல் 11, குழி 2 அடி. இரு முனையிலும் முனைக்கல்லைச் சாய்வாகத் தாங்கும் முட்டுக்கல் கட்டாயம். அதை விட்டால் வலையை இழுத்துக் கட்டும்போதே முனைக்கல் சாய்ந்துவிடும்.

கம்பிக்கடை:
கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ. வலைக்கண் அளவு ஒன்றே என்றால், 12 கேஜில் எடை மூன்றில் ஒரு பங்கு குறையும். அதனால் சதுர அடி விலையோடு எடையையும் கேளுங்கள்.
கல், குழி, கூலி சரிபாதி. வலையில் 12 கேஜ் விலைக்குப் பாதி அவர் தரட்டும், கூடுதல் தொகை உங்களுடையது. நியாயம் இதுதான். ஆடுமாடு உரசும் இடமென்றால் அவரிடமே 10 கேஜுக்குப் பேசிப் பாருங்கள்.

தோட்டக்காரன்:
மேல், நடு, கீழ் என மூன்று வரி இழுகம்பியையும் கணக்கில் சேருங்கள், 300 அடிக்கு மேல் வரும். இல்லையென்றால் வலை தொய்யும். பின்னால் பழுதுபார்க்கும் செலவு யாருக்கு என்பதையும் இப்போதே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.