செவர்லே 250 நேர் ஆறு: சரிசெய்து ஓட்டுவதா, கழற்றிவிட்டு வி8 போடுவதா?

பழைய_பிக்கப்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1969 செவர்லே சி10 பிக்கப். 250 கன அங்குல நேர் ஆறு சிலிண்டர் (ஆறும் ஒரே வரிசையில்), ஒற்றை பேரல் ரோச்செஸ்டர் மோனோஜெட் கார்பரேட்டர், ஸ்டீயரிங் கம்பத்திலேயே கியர் போடும் மூன்று ஸ்பீடு, பின்னால் 4.11 ஆக்ஸில் (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.11 முறை சுற்றும்). எல்லாமே வண்டியோடு வந்தவை, யாரும் மாற்றவில்லை.

பிரச்சினை இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்ட் (ஏரை உள்ளே கொண்டுவரும், புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம், எஞ்சின் சூடானால் போய்விடுகிறது. ஆனால் ஐட்லிங் சூடான பிறகும் நிலையாக இருப்பதில்லை, வண்டி மொத்தமும் லேசாக நடுங்குகிறது. பிளக் ஆறையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தால் 1, 6 இரண்டும் வெளுத்துப் போயிருக்கின்றன, நடுவில் 3, 4 கரி பிடித்துக் கிடக்கின்றன. கம்ப்ரெஷன் எல்லா சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்புறம் நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகம் போனால் எஞ்சின் கதறுகிறது, அதற்கு மேல் மிதிக்க மனசு வருவதில்லை.

யாரிடம் கேட்டாலும் "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 350 வி8 வை" என்றுதான் சொல்கிறார்கள் (350 கன அங்குலம், V வடிவில் எட்டு சிலிண்டர்). எனக்கு விருப்பமில்லை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் தரை தெரிகிறது, எந்த போல்ட்டுக்கும் கை நேராகப் போகிறது, இந்த வண்டிக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது. ஆனால் இப்படியே தினமும் ஓட்ட முடியாது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒற்றை_பேரல்:

எஞ்சினைக் கழற்றாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. குளிரில் சத்தம் வந்து சூட்டில் அடங்கினால் அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஹெட்டோடு (சிலிண்டர்களின் மேல் மூடி) சரியாக உட்காததுதான், வார்ப்பிரும்பு சூடாகி விரியும்போது இடைவெளி தானாக மூடிக்கொள்கிறது. இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், ஒன்றோடொன்று போல்ட் போட்டு ஒரே கேஸ்கெட்டில் ஹெட்டோடு சேர்வதால், எக்ஸாஸ்ட் முனை வளைந்திருந்தால் இன்டேக் முனையும் இறுகாது. அந்த வழியாக ஏர் இழுக்கும். 1, 6 வெளுத்திருப்பது அதனால்தான். நடு சிலிண்டர்களில் கரி வந்ததற்கு இன்னொரு காரணம், முன்பு யாரோ முனைகளில் மிஸ்ஸிங்கை அடக்குவதற்காக ஐட்டில் மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டி வைத்திருப்பார்கள். முனைகளுக்கு அது போதவில்லை, நடுவில் உள்ளவை மூழ்குகின்றன.

முதலில் ஒரு வேக்யூம் கேஜ் மாட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை ஊசி ஆடாமல் காட்டும். ஊசி ஆடாமல், ஆனால் தாழ்வாக நின்றால் மேனிஃபோல்டில் ஏர் இழுக்கிறது அல்லது டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. ஒரே தாளத்தில் துடித்தால் வால்வைச் சந்தேகப்படலாம். ஏர் எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்கப் பலரும் கார்பரேட்டர் கிளீனரை அடிப்பார்கள், நேர் ஆறில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், இன்டேக்குக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது, தீப்பிடிக்கும். இரவெல்லாம் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்ட் சூடேறுவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிஷத்துக்குள், சாதாரணத் தண்ணீரைப் பூத்தூறலாக முனைகளில் அடித்துப் பாருங்கள். ஓட்டத்தில் மாற்றம் வந்தால் அந்த இடம்தான். சூடான வார்ப்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் சூடான பிறகு வேண்டாம்.

கழற்றினால் இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்தே கழற்றி, நேரான பட்டை வைத்து முகம் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். மட்டமில்லை என்றால் இரண்டையும் போல்ட்டில் பூட்டிய நிலையிலேயே ஒன்றாக மெஷினில் கொடுத்துச் சீவ வேண்டும். காரணம், நடுவில் உள்ள கிளாம்ப்கள் ஒரே நேரத்தில் இன்டேக் ஃபிளாஞ்சையும் எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சையும் அழுத்துகின்றன, ஒன்றின் தடிமன் குறைந்தால் கிளாம்ப் மற்றதில் மட்டும் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் இளைத்தது லூஸாகவே இருக்கும்.

மாட்டும்போது வரிசை முக்கியம். இரண்டு மேனிஃபோல்டையும் சேர்க்கும் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட்டு, ஹெட்டில் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஷாப் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள், கடைசியாகத்தான் சேர்க்கும் போல்ட்டுகள். முதலிலேயே அவற்றை இறுக்கி விட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, கொஞ்ச நாளில் எக்ஸாஸ்ட் விரிசல் விடும்.

ஏழு_மெயின்:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் சேர்ப்பது அந்த நடுக்கம் பற்றி, ஏனென்றால் நேர் ஆறு நடுங்கினால் அது "பழைய எஞ்சின் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடிய விஷயமே இல்லை.

கிராங்க் ஷாஃப்ட்டில் 1-6, 2-5, 3-4 என்று ஜோடி ஜோடியாக பிஸ்டன்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன, ஜோடிகளுக்கு இடையே 120 டிகிரி. முன் பாதி பின் பாதிக்குக் கண்ணாடி பிம்பம். இதனால் முதல்நிலை விசை, இரண்டாம்நிலை விசை, முன்னும் பின்னும் எஞ்சினை ஆட்டும் திருப்பம் எல்லாமே ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன, பேலன்ஸ் ஷாஃப்ட் எதுவும் இல்லாமலே. நாலு சிலிண்டருக்கு இந்தப் பாக்கியம் இல்லை, 90 டிகிரி வி8-க்குக் கூட கிராங்கில் கனமான எதிர் எடைகள் வைத்துத்தான் இதைச் சாதிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆறு சிலிண்டரும் சமமாக எரிந்தால் இந்த எஞ்சின் நடுங்கக் கூடாது. உங்களுடையதில் சமமாக எரியவில்லை, அவ்வளவுதான்.

இதன் ஒரே பலவீனம் நீளம். நீண்ட கிராங்க் ஒவ்வொரு வெடிப்புக்கும் லேசாக முறுக்கிக்கொண்டு மறுபடி அவிழ்கிறது. 250-இல் கிராங்கைத் தாங்கும் ஏழு மெயின் பேரிங் இருப்பதால் நாலே மெயின் உள்ள பழைய 235-ஐ விட இது உறுதியானது, ஆனாலும் அந்த முறுக்கலை அடக்குவது முன்னால் உள்ள டேம்பர்தான். அதில் வெளி வளையம் ரப்பரில்தான் ஒட்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் ரப்பர் இறுகி, வெடித்து, வளையம் நழுவியிருக்கும். நழுவினால் டைமிங் குறி பொய் சொல்லும், நீங்கள் லைட் அடித்துச் சரியாக வைத்ததாக நினைக்கும் டைமிங் எங்கேயோ இருக்கும். ஒன்றாம் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுக்கும் முட்டு) போட்டு, இரண்டு பக்கமும் கையால் சுற்றி, உண்மையான மேல் நிலையைக் கண்டுபிடித்து, குறியோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் டேம்பரை மாற்றிவிட்டுத்தான் டைமிங்கையே தொட வேண்டும்.

இழுவை_வேண்டும்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வண்டியை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே? பின்னால் பெரிய டிரெய்லர் மாட்டி மலை ஏறுவீர்கள் என்றால் வி8 சொல்கிறவர்கள் தவறாகச் சொல்லவில்லை. அந்த வருடம் உங்கள் 250-க்கு நிறுவனம் போட்ட கணக்கு 155 குதிரைத்திறன், 350-க்கு 255. இரண்டுமே எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து அளந்த அந்தக் காலத்து மொத்தக் கணக்குதான், ஆனாலும் இடைவெளி இடைவெளிதான். அதே சி10 சட்டகத்தில் வி8-ம் வந்ததால் மாற்றுவது பெரிய வித்தையும் இல்லை.

ஆறையே வைத்துக்கொண்டு இழுவை வேண்டும் என்றால் 292 என்று ஒன்று இருக்கிறது. அதே 3.875 அங்குல போர், ஸ்ட்ரோக் மட்டும் 3.53-லிருந்து 4.12 ஆகக் கூடுகிறது. லாரிகளுக்காகவே செய்தது. ஆனால் பிளாக் உயரம் கூட, ஒரு பக்க மவுண்ட் இடமும் ஒத்துப்போகாது, நேராக இறக்கி மாட்டிவிடலாம் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஃபோர்டு 300-ஐயும் சொல்லாமல் விட முடியவில்லை. 1965-இல் வந்து 1996 வரை லாரிகளில் ஓடிய எஞ்சின், ஏழு மெயின், டைமிங் செயின் கிடையாது, வால்வுகளைத் திறக்கும் கேம் கியரிலேயே சுற்றும். அதைப் பார்த்த பிறகு ஆறு சிலிண்டருக்கு இழுவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் செவர்லேக்குள் அதை வைக்கச் சொல்லவில்லை, ஆறு என்றாலே சோம்பல் என்கிறவர்களிடம் சொல்வதற்காக.

சாய்ந்த_225:

என்னுடையது பிளிமத் 225, 30 டிகிரி சாய்த்து வைத்த ஆறு. சாய்த்ததால் பானெட் தாழ்ந்தது மட்டுமில்லை, பக்கவாட்டில் கிடைத்த இடத்தில் இன்டேக் குழாய்களை நீளமாக, ஆறுக்கும் கிட்டத்தட்ட சம நீளமாக வளைக்க முடிந்தது. 250-இல் அது இல்லை. அங்கே 1-2, 3-4, 5-6 என்று இரண்டு இரண்டு சிலிண்டருக்கு ஒரு இன்டேக் வாய். பற்ற வைக்கும் வரிசை 1-5-3-6-2-4 என்பதால் 3-4 ஜோடி 360 டிகிரிக்கு ஒருமுறை ஒழுங்காக மாறி மாறி மூச்சு எடுக்கிறது, ஆனால் முனை ஜோடிகள் 240, 480 என்று ஒழுங்கில்லாமல் எடுக்கின்றன. ஒரே ஒரு கார்பரேட்டர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது முனைகளுக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவுதான் போகும். 1953-இல் முதல் கார்வெட்டில் 235 ஆறைப் போட்டபோது மூன்று பக்கவாட்டு கார்ட்டர் கார்பரேட்டர் வைத்து 150 குதிரைத்திறன் எடுத்தார்கள், ஒரு ஜோடிக்கு ஒன்று. அதனால் மேனிஃபோல்டைச் சரிசெய்த பிறகும் 1, 6 பிளக் மற்றவற்றை விட ஒரு சாயல் வெளிறி இருந்தால் பயப்படாதீர்கள்.

மேனிஃபோல்ட் இறுக்குவது பற்றி ஒன்று. என் எஞ்சினில் அந்த நட்டுகளுக்கு 10 அடி-பவுண்டுதான், கையால் இறுக்கினால் "இது போதுமா" என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவு. சூட்டில் மேனிஃபோல்ட் நீளும்போது ஹெட் மேல் வழுக்கிப் போக இடம் வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். உங்களுடைய எண் வேறு, ஆனால் காரணம் அதேதான். கூடுதல் பலம் போட்டு இறுக்குவதுதான் நேர் ஆறுகளின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உடைக்கிறது.

பழைய_பிக்கப்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வேக்யூம் கேஜ் 14-இல் அசையாமல் நிற்கிறது. குளிரில் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் பின் முனையில், 6-ஆம் சிலிண்டர் பக்கம், ஓட்டம் உடனே மாறியது. மேனிஃபோல்டைக் கழற்றிப் பட்டை வைத்தால் பின் முனையில் வெளிச்சம் நன்றாகவே தெரிகிறது, பழைய கேஸ்கெட்டில் அந்த இடத்தில் கரிக் கோடு. இரண்டையும் சேர்த்து மெஷினுக்குக் கொடுத்திருக்கிறேன். டேம்பர் குறியும் ஒத்துப்போகவில்லை, புதிதாக ஒன்று சொல்லியாகிவிட்டது.

டிரெய்லர் எதுவும் இல்லை, வண்டியில் சாமான் ஏற்றுவேன், அவ்வளவுதான். ஆகவே ஆறு இருக்கும். நெடுஞ்சாலையில் கதறுவதற்கு வழி சொல்லுங்கள். பாயிண்ட்டை (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் முனைகள்) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? ஹெடர் (வார்ப்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாகத் தனித்தனிக் குழாய்கள்) போட்டால் மேனிஃபோல்ட் தொல்லையே இருக்காது என்கிறார்களே?

ஒற்றை_பேரல்:

கதறலுக்கு எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள், 4.11 ஆக்ஸில்தான் காரணம். டயர் விட்டம் சுமார் 28 அங்குலம் என்றால் 100 கி.மீ. வேகத்தில் டாப் கியரில் எஞ்சின் 3050 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. இந்த எஞ்சினின் உச்ச டார்க் 1600 சுற்றிலேயே வந்துவிடுகிறது. 3.07 ஆக்ஸில் போட்டால் அதே வேகம் 2300 சுற்றில் கிடைக்கும். ஆனால் மூன்று ஸ்பீடோடு, சாமான் ஏற்றி, ஏற்றத்தில் முதல் கியரில் கிளப்பும்போது கிளட்ச் பாவம். நீங்கள் சுமை ஏற்றுவதால் என் ஓட்டு 3.73-க்கு, அல்லது 4.11-ஐ அப்படியே விட்டுவிட்டு ஓவர்டிரைவ் உள்ள ஐந்து ஸ்பீடு கியர்பாக்ஸுக்கு. இரண்டாவது செலவு கூடுதல், ஆனால் முதல் கியர் இழுவையும் நெடுஞ்சாலை நிம்மதியும் இரண்டுமே கிடைக்கும்.

இக்னிஷனுக்கு 1975-க்குப் பிறகு 250-இல் வந்த எச்.இ.ஐ. (பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர் அப்படியே இறங்கும். ஒரு விஷயம் மட்டும்: உங்கள் வண்டியில் காயிலுக்குப் போவது ரெசிஸ்டன்ஸ் வயர், எச்.இ.ஐ.-க்கு முழு 12 வோல்ட் வேண்டும், தனி வயர் இழுங்கள். அதை மறந்துவிட்டு எச்.இ.ஐ. சரியில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

ஹெடர் அவசரப்பட வேண்டாம். முன் மூன்று, பின் மூன்று என்று பிரித்த எக்ஸாஸ்ட் நேர் ஆறுக்கு மிக அழகாகப் பொருந்தும், 1-5-3-6-2-4 வரிசையில் வெடிப்பு முன்-பின் என்று மாறி மாறி வருவதால் ஒவ்வொரு குழாய்க்கும் சரியாக 240 டிகிரிக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது, அந்தச் சத்தத்துக்காகவே பலர் போடுகிறார்கள். ஆனால் உங்கள் பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கார்பரேட்டருக்குக் கீழே இன்டேக் அடியைச் சூடாக்கும் வேலையும் பார்க்கிறது. ஹெடர் போட்டதும் அந்தச் சூடு போய்விடும், குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல் இன்டேக் தரையில் தேங்கும், பெடலை மிதித்தால் திக்கும், பிளக் கரி பிடிக்கும். போடுவதாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீரை ஓடவிட்டு இன்டேக் அடியைச் சூடாக்கும் தகடு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் சீவி வரும் மேனிஃபோல்டையே மாட்டி, ஹீட் ரைசர் வால்வு (எக்ஸாஸ்ட் சூட்டை இன்டேக் அடிக்குத் திருப்பும் தகடு) துருவில் சிக்காமல் கையால் தள்ளினால் திரும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சில தடவை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு மேனிஃபோல்ட் போல்ட்டுகளைக் குளிரில் மறுபடி அதே டார்க்குக்குச் சரிபார்த்து, மிக்சர் ஸ்க்ரூவை வேக்யூம் கேஜ் பார்த்தே வையுங்கள்.